தலையில் துளசி, லாரியில் மூட்டை

ஆளந்தியில் ஞானேசுவரரின் பாதுகைகள் பல்லக்கில் எழுந்தருளியதும், ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சென்றடையும் ‘வாரி’ யாத்திரை தொடங்குகிறது. சுமார் 250 கிலோமீட்டர். ஏறத்தாழ மூன்று வார நடை. மழைக்காலம் வேறு. எழுபது வயதைக் கடந்தோரும் இதில் நடக்க முடிகிறதென்றால், அதில் லாரிகளுக்கும் பங்குண்டு.

வாரகரிகள் ‘திண்டி’ எனும் குழுக்களாக நடப்பர். திண்டியின் கூடாரம், படுக்கை, மாற்றுடை, சமையல் பாத்திரம் யாவும் காலையிலேயே லாரியில் ஏறிவிடும். அது முன்னதாகச் சென்று அடுத்த தங்குமிடத்தில் காத்திருக்கும். நடப்போர் கையில் தாளம். பெண்கள் பலரின் தலையில் துளசிச் செடி. புணேயைக் கடந்து திவே காட் மலைப்பாதையில் ஏறும்போதுதான் இந்த ஏற்பாட்டின் அருமை முழங்காலுக்குத் தெரியும்!

ஆனால் மூட்டை மாலையில்தான் கைக்கு வரும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அதில் வைத்துவிட்டால் பகல் முழுதும் தவிக்க நேரும். அவையும் மூக்குக்கண்ணாடியும் தண்ணீரும் தோள்பையிலேயே இருக்கட்டும். திண்டியின் எண்ணைச் சீட்டில் எழுதி உடன் வைத்திருப்பது அவசியம். ரதத்துக்கு முன் செல்லும் திண்டிகளுக்கும் பின் வருபவற்றுக்கும் தனித்தனி எண் வரிசை உள்ளதால், முன்னா பின்னா என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.