பிள்ளையின் கையில் இருப்பது என்ன?



சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து எங்கள் கூனிமேட்டில் மதரஸா மீண்டும் தொடங்கிய முதல் நாள். மஃரிபுக்குப் பின் ஓத வரும் பிள்ளைகளுள் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், ரேஹாலுக்கு அடியில் எதையோ மறைத்து வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். கைக்கு அடக்கமான விளையாட்டுக் கருவி. வளைகுடாவில் பணிபுரியும் அவனுடைய அத்தா பெருநாள் பரிசாகக் கொடுத்தனுப்பியது. திரையில் மஞ்சள் நிறப் பிராணி ஒன்று காதுகளை அசைத்துக்கொண்டிருந்தது.

"இது பிக்காச்சு, ஹஜ்ரத்! போக்கிமான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது ஹராமா, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

'ஆம்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அது என்னவென்றே நான் அறிந்திருக்கவில்லை. அறியாத ஒன்றைப் பற்றி ஒரு பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல நாவு எழவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அவ்வாறு விசாரித்து அறிந்தவற்றையே இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தே இந்த விளையாட்டை உருவாக்கினார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஜப்பானில் 1996 பிப்ரவரியில், 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவிக்கான விளையாட்டாகவே போக்கிமான் முதலில் வெளிவந்தது. அதன் வெற்றியைக் கண்டு, 1997 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. இந்தியாவில் 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக அது நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. 'பாக்கெட் மான்ஸ்டர்' என்னும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே 'போக்கிமான்'. சட்டைப்பைக்குள் அடங்கும் விசித்திரப் பிராணி என்பது அதன் பொருள்.

இதனை உருவாக்கியவர் சத்தோஷி தாஜிரி. 1965இல் பிறந்த அவர் டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் வயலிலும் குட்டையிலும் பூச்சி பிடித்துத் திரிந்ததால், உடன் பயின்ற பிள்ளைகள் அவரைப் 'பூச்சி டாக்டர்' என்றே அழைத்தார்களாம். பின்னர் அந்த வயல்கள் சாலைகளாயின, குட்டைகள் மீது கட்டடங்கள் எழுந்தன, பூச்சிகள் மறைந்தன. தாம் அனுபவித்த அந்த இன்பம் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லையே என்ற ஏக்கமே ஆறாண்டு உழைப்பில் விளையாட்டாக உருவெடுத்தது. புல்வெளியில் தேடிப் பிடித்து, பெயரறிந்து, பட்டியலிட்டுச் சேர்க்கும் 151 கற்பனைப் பிராணிகள் அதில் இடம்பெற்றன.

இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக அது வெளிவந்தது. ஒன்றில் கிடைக்கும் சில பிராணிகள் மற்றொன்றில் கிடைக்கா. இரண்டு பிள்ளைகள் தத்தம் கருவிகளைக் கம்பியால் இணைத்துப் பரிமாறிக்கொண்டால்தான் பட்டியல் நிறைவுறும். அதாவது, தனியாக அமர்ந்து விளையாடுபவனால் அதை முழுமையாக முடிக்க இயலாது. தோழன் ஒருவன் வேண்டும்.

இத்தகைய விளையாட்டு ஏன் எதிர்ப்பைச் சந்தித்தது? 2001இல் சவூதி அரேபியாவில் போக்கிமான் விளையாட்டுகளும் சீட்டுகளும் தடை செய்யப்பட்டன. சீட்டுகளைக் கைமாற்றுவதில் சூதாட்டத்தின் சாயல் இருப்பதையும், அவற்றில் காணப்பட்ட சில குறிகளையும், பிராணிகள் 'பரிணாமம்' அடைவதாகக் காட்டப்படுவதையும் மார்க்க அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். இவற்றுள் சூதாட்டம் பற்றிய கவலையைப் புறந்தள்ளுவதற்கில்லை. தொடக்ககால விளையாட்டுகளில் காசு போட்டு அதிர்ஷ்டம் பார்க்கும் கூடம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் அது நீக்கப்பட்டுவிட்டது. 'பரிணாமம்' என்று அதில் குறிப்பிடப்படுவதோ பெரும்பாலும் உருமாற்றமே. புழு கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியாவதை நம் ஊரிலும் காணலாமே!

இவற்றுக்கிடையே, போக்கிமான் என்ற பெயருக்கே மார்க்க விரோதமான பொருள் உண்டு என்றொரு வதந்தியும் அந்நாளில் அரபு நாடுகளில் பரவியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டுமென்று நமக்குக் கற்பிக்கும் மறை, விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் விலக்களிக்கவில்லை அல்லவா?

எனினும் பெற்றோர் அறிந்து வைத்திருக்க வேண்டிய ஆபத்தும் உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான அத்தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் அதிவேகமாக மாறிமாறி மின்னின. அதைப் பார்த்த 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பு, மயக்கம், வாந்தி எனப் பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தொடரே நான்கு மாதங்கள் நிறுத்தப்பட்டது. வெளிச்சமுள்ள அறையில், திரையிலிருந்து விலகி அமர்ந்து பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கை அதன் பின்னரே ஜப்பானியத் தொலைக்காட்சியில் வழக்கமாயிற்று. விளக்கை அணைத்துப் போர்வைக்குள் கருவியை வைத்துக்கொண்டு விளையாடும் பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சிறுவனை அழைத்தேன். எத்தனை பிராணிகளின் பெயர் தெரியும் என்று கேட்டேன். மூச்சு விடாமல் அறுபது, எழுபது சொன்னான். எது எங்கே வாழும், எதை உண்ணும், எது எதுவாக மாறும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். "சரி, நம் ஊரைச் சுற்றியுள்ள பறவைகளின் பெயர்களைச் சொல்" என்றேன். காகம், மைனா, கொக்கு, கிளி. அத்துடன் நின்றுவிட்டான்.

வாசகர்களே, இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல விழைகிறேன். மச்சிதாவின் குட்டைகள் மறைந்துபோனதால் அந்த ஜப்பானியர் திரைக்குள் ஒரு குட்டையை அமைத்தார். நமக்கோ குட்டை இன்னும் மறையவில்லை! கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருக்கிறது நம் ஊர். ஒருபுறம் கடல், அருகே மரக்காணத்து உப்பளங்கள், மறுபுறம் கழுவெளி ஏரி. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்த அந்நீர்நிலையைத் தமிழ்நாடு அரசு 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பூநாரையும் கூழைக்கடாவும் ஆலாவும் உள்ளானும் வந்திறங்கும் இடம் அது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வரும் பறவைகளை நம் பிள்ளைகள் பேருந்து ஜன்னல் வழியாகக்கூடப் பார்ப்பதில்லை.

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சுபுஹு தொழுகைக்குப் பின் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு கழுவெளிக்குச் சென்றேன். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம். பார்த்ததை வரைய வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் எழுத வேண்டும். பிறகு ஒருவர் பட்டியலை மற்றவருடன் ஒப்பிட்டு, விடுபட்டதை நிரப்ப வேண்டும். நம் சிறுவன் கருவியைக் கொண்டுவரவில்லை. நான் தடுக்கவில்லை, அவனாகவே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். அன்று அவன் பட்டியலில் பதினாறு பறவைகள். திரும்பும் வழியில், "அத்தாவுக்கு இதைப் படம் எடுத்து அனுப்பலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அவனுடைய அத்தா விலை கொடுத்து வாங்கி அனுப்பிய கருவியில், அவர் தம்மையே சிறிது வைத்து அனுப்பியிருந்தார். ஆண்டுக்கொருமுறை வரும் தந்தையிடம் காட்ட அவனுக்கும் ஏதேனும் வேண்டியிருந்தது. அன்றிரவு தொலைபேசியில் தந்தையும் மகனும் பறவைகளைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததாக அவன் தாயார் பின்னர் சொல்லியனுப்பினார்.

அவன் முதலில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தொழுகை நேரத்தையும் ஓதும் நேரத்தையும் உறக்கத்தையும் அது தின்னாமலும், சூது அதில் நுழையாமலும் இருந்தால், அளவோடு விளையாடு. ஆனால் தனியாக விளையாடாதே."

வெளிநாட்டில் உழைக்கும் தந்தையரே! பரிசு அனுப்புங்கள், தவறில்லை. அதைப் பற்றி மகனிடம் வாரம் ஒருமுறையாவது கேளுங்கள். ஊரிலுள்ள தாய்மார்களே! கருவியைப் பிடுங்குமுன் அருகில் அமர்ந்து ஒருமுறை பாருங்கள். பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதை அறிந்த பெற்றோரின் சொல்லுக்குத்தான் பிள்ளை செவிசாய்ப்பான்.