உண்டியலும் பற்று அட்டையும்

பணம் கடலைக் கடப்பதில்லை; பணத்தைப் பற்றிய சொல்லே கடக்கின்றது. இவ்வுண்மையைப் பேராக் மாநிலத்துத் தமிழர் அட்டைகள் தோன்றுவதற்குப் பல்லாண்டு முன்னரே அறிந்திருந்தனர். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர், தாயகத்திலிருந்த பெற்றோர்க்கு அஞ்சலகத்து மணியார்டர் வாயிலாகப் பணம் விடுத்தனர். நகரத்தார் கடைகளின் உண்டியலும் அக்காலத்து வணிகர்க்குக் கைகொடுத்தது.

உண்டியல் என்றதும் கோயிலில் காணிக்கையிடும் பெட்டியே இன்று பலர்க்கும் நினைவில் எழும். வணிகர் வழக்கில் அச்சொல்லின் பொருள் வேறு. ஓரூரில் பணம் பெற்ற ஒருவர், மற்றோர் ஊரிலுள்ள தம் முகவரை நோக்கி, 'இன்னார்க்கு இத்தொகை கொடுக்க' என எழுதும் முறியே அது. வடநாட்டார் ஹுண்டி என்பர். கண்டவுடன் பணம் தரவேண்டுவது ஒருவகை; குறித்த நாள் கழித்துத் தருவது மற்றொரு வகை. இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும், கீழ்த்திசை மொழிகளில் எழுதப்பெறும் முறிகளுக்கு அவ்வவ்விடத்து வழக்கத்தை மாற்றாமல் விட்டுவைத்தது.

ஈப்போவில் கொடுத்த வெள்ளி கப்பலேறவில்லை. இங்குள்ள கடையின் பேரேட்டில் வரவும், அங்குள்ள கடையின் பேரேட்டில் பற்றும் எழுதப்பட்டன. பின்னர் இரு கடைகளும் தமக்குள் கணக்கை நேர்செய்துகொண்டன.

இன்று ஈப்போவிலிருந்து தமிழகம் செல்லும் ஒருவர் வங்கி அட்டையைப் பணப்பொறியில் செருகும்போதும் நிகழ்வது இதுவே. பொறிக்குரிய இந்திய வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பின் வழியே, மலேசிய வங்கியை 'இவர் கணக்கில் பணம் உண்டா?' என வினவுகின்றது. 'உண்டு' என்னும் விடை சில நொடிகளில் வருகின்றது, ரூபாய் வெளிவருகின்றது. வங்கிகள் கணக்கை நேர்செய்வது பிறகே. வலையமைப்பே இங்கு முகவர். இரகசிய எண்ணே கையொப்பம்.

'பற்று அட்டை' என்னும் பெயர் மிகப் பொருத்தமானது. வரவு, பற்று என்பன கணக்கேட்டுச் சொற்கள். கடன் அட்டையில் செலவாவது வங்கியின் பணம். பின்னர் திருப்பித் தரவேண்டுவது. பற்று அட்டையில் குறைவதோ உடையவரின் கையிருப்பு. திருட்டு நேர்ந்தால் கணக்கு அப்போதே குறையும். வங்கி ஆராய்ந்து முடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கும் இந்நாளில், முதியோர் பலர் ஊழியர் சேமநிதியைக் கொண்டே மூதாதையர் ஊரைக் காணச் செல்கின்றனர். சேமிப்பு முழுவதும் ஒரே கணக்கில் இருக்க, அதன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துச் செல்லுதல் தகாது. பயணத்திற்கு வேண்டிய தொகையைத் தனிக்கணக்கில் இட்டு, அதன் அட்டையைக் கொண்டுசெல்வதே முறை.

மற்றொன்றும் கருதத்தக்கது. நாணய மாற்றில் கொடுபடும் கழிவை வட்டம் என்பது வணிகர் வழக்கு. அட்டையில் இவ்வட்டம் எளிதில் கண்ணுக்குப் புலனாவதில்லை. சில பொறிகள், 'ரூபாயில் கணக்கிடவா, ரிங்கிட்டில் கணக்கிடவா?' என வினவும். பழகிய நாணயம் என்பதனால் ரிங்கிட்டைத் தேர்வோர் பலர். அவ்வாறு தேர்ந்தால் மாற்று விலையை விதிப்பது பொறிக்குரியவர் தரப்பு. ரூபாயைத் தேர்ந்தால் வலையமைப்பு விதிக்கும். ஒரு கணக்கைக் காண்க. வலையமைப்பு ஒரு வெள்ளிக்கு 20 ரூபாயும், பொறி 18 ரூபாயும் தருவதாகக் கொள்வோம். 10,000 ரூபாய்க்கு முன்னதில் 500 வெள்ளி கழியும். பின்னதில் ஏறத்தாழ 556 வெள்ளி. தம் வங்கி 1 விழுக்காடு கட்டணம் கொண்டாலும் முன்னது 505 வெள்ளியே. ஆகவே சென்ற நாட்டு நாணயத்தைத் தேர்வதே பொதுவாக நலம். பணம் எடுக்குந்தோறும் தனிக்கட்டணமும் உண்டாகலாம். சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுத்தால் அது பெருகும்.

புறப்படுமுன் செய்யத்தக்கன சில. மலேசிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் மூடப்பட்டே இருக்கும். வங்கியிடம் சொல்லித் திறந்துகொள்ளல் வேண்டும். மைடெபிட் உள்நாட்டு வலையமைப்பு. அட்டையில் பன்னாட்டு வலையமைப்பின் முத்திரையும் உளதா எனப் பார்த்தல் வேண்டும். இந்தியாவில் இறங்கியதும் கைப்பேசி எண்ணை மாற்றுவோர்க்கு, மலேசிய எண்ணுக்கு வரும் வங்கிச் செய்தி எட்டாமற் போகலாம். அட்டை தொலைந்தால் அழைக்கவேண்டிய எண்ணைத் தனித்தாளில் எழுதி வைத்தல் நன்று. இரகசிய எண்ணையோ எங்கும் எழுதலாகாது. சிற்றூர்க் கடைகளில் அட்டை செல்லாதாகையால் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும்.

பழைய உண்டியல் முறையை இன்றும் நாடுவோர் அறியவேண்டுவது ஒன்று உண்டு: மலேசியாவின் 2011ஆம் ஆண்டுப் பணச் சேவைத் தொழில் சட்டப்படி, உரிமமின்றிப் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது குற்றம்.

அன்று உண்டியல் வாங்கியவர் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து, 'வட்டம் எவ்வளவு?' எனக் கேட்க இயன்றது. பொறிக்கு முகமில்லை, கேளாதார்க்கு அது விளக்குவதுமில்லை. ஆதலின் அவ்வினாவை வீட்டிலிருந்து புறப்படுமுன்பே தம் வங்கியிடம் கேட்டு அறிதல் பயணிகளின் கடன்.