ஒபரேசனுக்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம்

பசறையிலோ மடுல்சீமையிலோ ஒரு தோட்டத்தில் யாருக்காவது ஒபரேசனுக்குத் திகதி கிடைத்துவிட்டால், லயம் முழுக்க ஒரே கேள்விதான்: "டொக்டர் நல்லவரா?" பதுளை போதனா வைத்தியசாலையில் கத்தி பிடிக்கப்போகும் கையைப் பற்றியே எல்லாக் கவலையும். கவலை நியாயமானதுதான். ஆனால் சத்திரசிகிச்சை பற்றி அண்மைக் காலத்தில் நடந்த பெரிய ஆய்வுகள் வேறொரு பக்கத்தையும் பார்க்கச் சொல்கின்றன.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 42 இலட்சம் பேர் சத்திரசிகிச்சை முடிந்து 30 நாட்களுக்குள் இறக்கிறார்கள் என்று 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. அதற்கு முந்திய ஆண்டு வெளியான, ஆபிரிக்காவின் 25 நாடுகளில், 247 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. அங்கே இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒபரேசன் நாளைத் தாண்டிய பிறகே இறந்தார்கள். தியேட்டரில் தப்பியவர்கள் பிறகு வார்டில் போய்விட்டார்கள்; கவனிப்புக் குறைந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம். மலையிலிருந்து இறங்கிவந்து ஒபரேசன் செய்துகொண்டு மறுபடி மலையேறும் நம் ஆட்களுக்கு இதைவிட முக்கியமான சேதி வேறில்லை.

உங்கள் பெயர் என்ன?

2008 ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்குமுன், தோலைக் கீறுமுன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுமுன் என்று மூன்று முறை எல்லோரும் வேலையை நிறுத்தி வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவர் யார், என்ன ஒபரேசன், வலப்பக்கமா இடப்பக்கமா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கிருமியெதிர்ப்பு ஊசி போட்டாயிற்றா, துணியும் ஊசியும் எண்ணிச் சரியாக இருக்கின்றனவா? இவ்வளவுதான்.

டில்லி, லண்டன், மணிலா, தன்சானியாவின் இஃபாகரா உட்பட எட்டு நகரங்களில் இதைச் சோதித்தார்கள். 2009 ஜனவரியில் முடிவு வெளிவந்தது. இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்திருந்தன. புதிய இயந்திரம் எதுவும் வாங்காமல் கிடைத்த பலன் இது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளில் இதே பட்டியலைக் கட்டாயமாக்கியபோது குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை என்று 2014இல் இன்னோர் ஆய்வு சொன்னது. தாளில் சரி அடையாளம் போடுவது வேறு, நின்று கேட்பது வேறு என்பதே பலரும் சொன்ன விளக்கம். நானும் அதை நம்புகிறேன்.

இந்தப் பட்டியலின் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நோயாளிதான். அங்கேதான் ஊவாத் தோட்டங்களின் சிக்கல் தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்துடன் அதே பெயர், லயத்தில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். சிங்களத்தில் எழுதிய கிளினிக் கொப்பியைப் பார்த்து ஒரு தாதி பெயரை வாசிக்கிறார். பக்கத்துக் கட்டிலிலும் ஒரு லெட்சுமி இருக்கிறார். பயத்தில் இருக்கும் மனுஷி எதைக் கேட்டாலும் "ஆமாங்க மிஸ்" என்று தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டல் சம்மதமாகவும் பதிவாகிவிடலாம்.

ஆகவே அட்டையிலும் கொப்பியிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று வார்டில் சேருமுன்பே பாருங்கள். யாராவது உங்கள் பெயரை வாசித்து "சரியா?" என்றால் தலையாட்டாமல் முழுப்பெயரையும் நீங்களே சொல்லுங்கள். எந்தப் பக்கம் ஒபரேசன் என்று கேட்டால் கையால் தொட்டுக் காட்டுங்கள். சம்மதப் பத்திரம் புரியாவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இலங்கையில் தமிழ் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

திகதி கிடைத்த நாளிலிருந்து

இரத்தச்சோகையோடு தியேட்டருக்குப் போகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். இலேசான இரத்தச்சோகையும் அதில் சேர்த்தி என்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை அலசிய 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்குக் கீழே என்றால் இரத்தச்சோகை. இரும்புச்சத்துக் குளிசை தந்தால் அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி, இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். நாளெல்லாம் தேத்தண்ணி குடிக்கும் மலைநாட்டில் இதை யாரும் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

சிகரெட், பீடி குடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முந்தி நிறுத்தினால் நெஞ்சுச்சளியும் காயச் சிக்கலும் குறையும். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. நாட்டுமருந்து உட்பட எடுக்கும் மருந்து அத்தனையையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சுத்தமாகப் போக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் முதல்நாள் வீட்டிலேயே பிளேடால் முடி மழிப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னச்சின்ன வெட்டுகள் வழியே கிருமி நுழையும். முடி எடுக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கான கத்தரிப்பானால் எடுப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போனால் போதும்.

பட்டினி விஷயத்திலும் அளவு உண்டு. இலேசான சாப்பாடும் பால் தேத்தண்ணியும் ஆறு மணி நேரத்துக்கு முந்தி நிற்க வேண்டும். எண்ணெய்ச் சாப்பாடு என்றால் இன்னும் முந்தி. தண்ணீரும் பாலில்லாத சாயத்தண்ணியும் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம் என்பதே இன்றைய மயக்க மருந்து வழிகாட்டி. ஆனால் அவரவர் உடல்நிலைக்கு ஏற்ப இது மாறும். உங்களுக்கு எந்த நேரம் கடைசி என்று வார்டில் கேட்டு அப்படியே நடங்கள். மறந்துபோய் எதையாவது சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

"முட்டை சாப்பிட்டா சீழ் வைக்கும்"

இந்தப் பேச்சு ஒவ்வொரு லயத்திலும் உண்டு. முட்டை, மீன், கருவாடு எதுவும் தராமல் ரசமும் சோறுமாகப் பத்தியம் வைப்பார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் புதுத் தசை வளரப் புரதம் வேண்டும். டொக்டர் தடை சொல்லாதவரை முட்டை, பருப்பு, நெத்தலி எல்லாம் காயத்துக்கு நல்லதே. அசையாமல் படுத்தே இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பத்தியம் போலத் தவறான நம்பிக்கைதான். நடக்கலாம் என்று வார்டில் சொன்னதும் நடக்க வேண்டும். காலில் இரத்தம் உறையாமலும் நெஞ்சில் சளி கட்டாமலும் காப்பது அந்த நடைதான். விறகடுப்புப் புகையில் இருமல் வந்தால் வயிற்றுக் காயத்தை ஒரு தலையணையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். முடிந்தால் அந்த மாதம் அடுப்படிக்கு வேறொருவர் போகட்டும்.

சீழ் உண்மையில் கிருமியால் வருகிறது. வயிற்றுக் காயத்தைத் தைத்து மூடுமுன் கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றினால் காயத்தொற்று 18.9 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைகிறது என்று இந்தியா உட்பட ஏழு நாடுகளில், 13,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022இல் காட்டியது. வீட்டில் நம் பங்கு எளியது. சவர்க்காரத்தால் கை கழுவாமல் காயத்தைத் தொடக் கூடாது, மஞ்சளோ பச்சிலையோ அப்பக் கூடாது.

காய்ச்சல், காயம் சிவந்து சூடாதல், சீழ், துர்நாற்றம், தையல் பிரிதல், நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் திகதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அன்றே காட்ட வேண்டும். மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

அரைப் பேருக்குப் பயந்து

தையல் வெட்டிய கையோடு மலைக்குப் போய்விடும் பெண்களை எல்லாத் தோட்டத்திலும் காணலாம். போகாவிட்டால் பேர் (அன்றைய கூலி) இல்லை, நோம் (அன்று பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு) முடிக்காவிட்டால் அரைப் பேர். ஈரக் கொழுந்துப் பாரத்தோடு சரிவில் ஏறி இறங்கினால் குடலிறக்க ஒபரேசனோ வயிற்று ஒபரேசனோ செய்த இடம் என்னாகும் என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது. எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பதை டொக்டரிடம் எழுத்தில் வாங்கி வாருங்கள். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் அந்தத் துண்டை மதித்து இலேசான வேலை கொடுக்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு எல்லோருக்கும் ஒரே கவனிப்பு இல்லை. பிரசவமான தாயை, சிசேரியன் ஆனவரையும் சேர்த்து, குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து பார்க்கிறார். நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் கட்டாயம் அறிவிக்கப்பட்டு ஏன் என்று விசாரிக்கப்படுகிறது. இலங்கை தாய் மரணங்களை இவ்வளவு குறைத்ததில் அந்தக் கணக்கெடுப்புக்குப் பெரிய பங்குண்டு. பித்தப்பையோ குடலிறக்கமோ ஒபரேசன் செய்து லுணுகலைக்கும் பூனாகலைக்கும் திரும்பியவரை அப்படித் தேடிவர யாருமில்லை. முப்பதாம் நாள் அவருடைய காயம் எப்படியிருக்கிறது என்று தமிழில் கேட்க ஒரு தொலைபேசி அழைப்பும், காயத்தைப் பார்த்துக் குறித்துவைக்கத் தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு கொப்பியும் போதும். ஊவாவில் ஒபரேசனுக்குப் பின் எத்தனை காயம் சீழ் வைக்கிறது, எந்தத் தோட்டத்தில் கூட, ஏன் என்ற ஆய்வை அந்தக் கொப்பியிலிருந்தே தொடங்கலாம்.