கன்சல்டிங் வேலை: அடித்துப் பிடித்துச் சேருகிறவர்கள் ஏன் சீக்கிரமே கிளம்புகிறார்கள்?

இந்திரா நூயி, சுந்தர் பிச்சை இருவரும் சென்னையில் வளர்ந்தவர்கள், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களின் தலைமைக்கு வந்தவர்கள் என்பது தெரிந்த விஷயம். அதிகம் பேசப்படாத இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பெப்சிகோவுக்குப் போவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1980 முதல் 1986 வரை, நூயி வேலை பார்த்தது பி.சி.ஜி. எனப்படும் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில். பிச்சை 2004-ல் கூகுளில் சேர்வதற்கு முன் மெக்கின்சியில் இருந்தார்.

இருவருமே அங்கிருந்து கிளம்பியவர்கள். இது விதிவிலக்கு இல்லை. கன்சல்டிங்கில் சேருகிறவர்களில் பெரும்பாலானோர் சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடுகிறார்கள். ஐ.ஐ.எம். கேம்பஸில் அவ்வளவு போட்டி போட்டுப் பிடித்த வேலையை ஏன் விடுகிறார்கள்? ‘வேலை அதிகம்பா’ என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி அந்தத் தொழில் நடக்கும் கணக்கிலேயே இருக்கிறது.

எந்த கன்சல்டிங்கைச் சொல்கிறோம்?

நம்ம ஊரில் ‘கன்சல்டன்சி’ என்றாலே வேலை வாங்கித் தரும் ஏஜென்சிதான் ஞாபகத்துக்கு வரும். ஐ.டி. கம்பெனிகளில் ‘கன்சல்டன்ட்’ என்பது ஒரு பதவியின் பெயர். இங்கே பேசுவது மேனேஜ்மென்ட் கன்சல்டிங் பற்றி. ஒரு சிமென்ட் கம்பெனிக்கு லாபம் ஏன் குறைகிறது, ஒரு வங்கி எந்தக் கிளைகளை மூடலாம் என்பது போன்ற கேள்விகளுக்கு, வெளியிலிருந்து ஒரு டீம் வந்து சில வாரங்களோ மாதங்களோ உட்கார்ந்து பதில் சொல்லும். அதற்குப் பெரிய கட்டணம் வாங்கும்.

இதில் முன்னணியில் இருப்பவை மூன்று: 1926-ல் தொடங்கிய மெக்கின்சி, 1963-ல் வந்த பி.சி.ஜி., 1973-ல் வந்த பெயின். டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. ஆகிய நான்கு பெரிய ஆடிட் நிறுவனங்களுக்கும் கன்சல்டிங் பிரிவுகள் உண்டு.

ஏன் சேருகிறார்கள்?

முதல் காரணம் சம்பளம். எம்.பி.ஏ. படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கியவருக்கு, அதைச் சீக்கிரம் அடைக்க வழி தெரிகிறது.

இரண்டாவது, எந்தத் துறை நமக்கு ஒத்துவரும் என்று தெரியாத வயது. மருந்து, டெலிகாம், சில்லறை வணிகம் என்று ஒரே வருடத்தில் மூன்று துறைகளை உள்ளே போய்ப் பார்க்கலாம். முடிவைத் தள்ளிப்போட மரியாதையான வழி என்றும் இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, முத்திரை. ‘சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விற்கும்?’ என்கிற மாதிரி கேள்விகளுக்கு அங்கேயே கணக்குப் போட்டு, யோசிக்கும் விதத்தை விளக்கி, பல சுற்றுத் தேர்வைத் தாண்டியவர் என்றால், அடுத்த கம்பெனி அவரைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை.

பிரமிடு கணக்கு

இப்போது மறுபக்கம். உதாரணத்துக்கு ஒரு சின்ன நிறுவனம். ஒரு பார்ட்னர், அவருக்குக் கீழே 3 மேனேஜர்கள், அவர்களுக்குக் கீழே 9 ஜூனியர்கள். கிளையன்ட் கட்டும் கட்டணத்துக்கும் ஜூனியர்களின் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மேலே இருப்பவர்களின் வருமானம் இருக்கிறது. அதனால் கீழே ஆட்கள் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தாக வேண்டும்.

அந்த 9 பேரும் நன்றாக வேலை செய்து மேனேஜர் ஆகிவிட்டால்? அவர்களுக்குக் கீழே 27 ஜூனியர்கள் வேண்டும். அடுத்த சுற்றில் 81. எந்த நிறுவனமும் சில வருடங்களுக்கு ஒருமுறை மூன்று மடங்காக வளர்ந்துகொண்டே இருக்க முடியாது. ஆக, திறமை இருந்தாலும் பலர் போய்த்தான் ஆக வேண்டும்.

இதற்காகவே ஒரு விதி இருக்கிறது: குறிப்பிட்ட காலத்துக்குள் மேலே ஏறு, இல்லையென்றால் வெளியேறு. மெக்கின்சி இதை 1950-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொதுவாக யாரையும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. ‘வேறு வாய்ப்பு பார்க்கலாமே’ என்று சொல்லி, தேடுவதற்குச் சில மாதங்கள் தருவார்கள்.

தாங்களாகவே போகிறவர்கள்?

திங்கள் காலை ஃப்ளைட், வியாழன் இரவு வீடு, ராத்திரி 12 மணிக்கும் ஸ்லைடில் திருத்தம். திருமணம், குழந்தை, பெற்றோரின் உடல்நிலை என்று வரும்போது இது கட்டுப்படியாவதில்லை. நிறுவனம் கைகொடுப்பதும் உண்டு. நூயியின் தந்தை புற்றுநோயில் இருந்தபோது பி.சி.ஜி. தனக்கு ஆறு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு தந்ததை அவர் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நம்பிவிட முடியாது.

இன்னொரு காரணம், வேலையின் பலனைப் பார்க்க முடியாதது. அறிக்கை கொடுத்தாயிற்று, டீம் கிளம்பியாயிற்று. கிளையன்ட் அதைச் செய்தாரா, அலமாரியில் வைத்தாரா என்பது பல நேரம் தெரியாது. ஸ்டார்ட்அப்புக்கும் கம்பெனி வேலைக்கும் மாறுகிறவர்கள் பலர் சொல்வது இதைத்தான்.

மனசாட்சியும் ஒரு கேள்வி. அமெரிக்காவில் ஆக்ஸிகான்டின் வலிநிவாரணி மாத்திரை விற்பனையை அதிகரிக்க பர்டூ ஃபார்மாவுக்கு ஆலோசனை சொன்ன விவகாரத்தில், 2024 டிசம்பரில் 65 கோடி டாலர் தர மெக்கின்சி ஒப்புக்கொண்டது. யாருக்காக உழைக்கிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் ஜூனியருக்குக் குறைவு.

மேலே போகப் போக வேலையே மாறிவிடுகிறது என்பதும் முக்கியம். ஜூனியர் கணக்குப் போடுகிறார். பார்ட்னர் பிசினஸ் பிடிக்கிறார். கணக்கை ரசித்து வந்தவருக்கு விற்பனை பிடிக்காமல் போகலாம்.

போகிறவர்கள் மேல் கோபம் இல்லையா?

பெரும்பாலும் இல்லை. இன்று கிளம்புகிறவர் பத்து வருடம் கழித்து ஒரு கம்பெனியின் தலைமையில் இருப்பார். ஆலோசனை தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுவார்? அதனால்தான் இந்த நிறுவனங்கள் முன்னாள் ஊழியர்களுக்கு அலுமினி அமைப்பு நடத்தி, தொடர்பை விடாமல் வைத்திருக்கின்றன.

புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. தகவல் தேடுவது, சுருக்குவது, ஸ்லைடு தயாரிப்பது போன்ற ஜூனியர் வேலைகளில் ஏ.ஐ. நுழைந்துவிட்டது. மெக்கின்சியே 2023-ல் ‘லில்லி’ என்ற சொந்தக் கருவியைக் கொண்டுவந்தது. பிரமிடின் அடித்தளம் சுருங்கினால், உள்ளே போகும் கதவும் சுருங்கும்.

சேருவதற்கு முன் என்ன யோசிக்கலாம்?

ஆஃபர் கையில் இருந்தால் மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடன் எந்த மாதம் முடியும்? இங்கே கற்க வேண்டிய ஒரு திறமை எது? எத்தனை வருடத்தில் மறுபடி யோசிக்கப் போகிறேன்?

முதல் வருட சம்பளத்தை நம்பி ஃப்ளாட்டுக்கும் காருக்கும் சேர்த்து இ.எம்.ஐ. போட்டுவிட்டால், பிடிக்காத நாளிலும் கிளம்ப முடியாது. கிளம்ப வேண்டி வந்தாலும் கையில் பணம் இருக்காது.

முக்கியமாக, வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ‘அவ்வளவு பெரிய வேலையை விட்டுட்டானா?’ என்று நாளைக்கு உறவினர்கள் கேட்கும்போது, இந்த வேலை பெரும்பாலானவர்களுக்குச் சில வருடங்கள்தான் என்று அப்பா அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.