"எங்க ஆர்டர் நம்பர் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" - மெயிலுக்குள்ளேயே வந்த பூட்டின் கதை

"கண்ணு, நீ பத்திரிகையில கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் எழுதறயில்ல... இந்த மெயிலைக் கொஞ்சம் பாரு."

அவிநாசியில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார் என் பெரியப்பா மகள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது போனை என்னிடம் நீட்டினார். அவர்கள் வழக்கமாக ஜிப், பட்டன் வாங்கும் வெளிநாட்டு சப்ளையர் பெயரில் வந்த மெயில் அது. தங்கள் வங்கிக் கணக்கில் ஆடிட் நடப்பதாகவும், இந்த முறை பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்பும்படியும் எழுதியிருந்தது.

ஆர்டர் நம்பர் சரி. தொகை சரி. வழக்கமாகப் பேசுகிற ஆளின் பெயரும் சரி. மெயில் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல்.

அந்த எழுத்தை அக்கா கவனிக்கவில்லை. ஆனால், 'இத்தனை வருஷமா மாறாத கணக்கு இப்ப எதுக்கு மாறுது?' என்று ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. பழைய நம்பருக்கு போன் போட்டார். அவர்கள் அப்படி எதையும் அனுப்பவில்லை என்று தெரிந்தது. பணம் தப்பியது.

"அதெல்லாம் சரி கண்ணு. எங்க ஆர்டர் நம்பர் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நல்ல கேள்வி. இரண்டு பக்கத்தில் யாரோ ஒருவரின் மெயில் பெட்டியை மூன்றாவது ஆள் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பூட்டிய லாரி, திறந்த குடோன்

இன்றைக்குப் பெரும்பாலான மெயில்கள் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகும்போது பூட்டப்பட்டுத்தான் போகின்றன. ஆனால், போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்தே கிடக்கின்றன. சரக்கு லாரியில் பூட்டுப் போட்டுப் போய், குடோனில் பெட்டிகளைத் திறந்து வைத்தது போல. உங்கள் பாஸ்வேர்டு ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் போதும். பையர் பெயர், விலை, பணம் கட்ட வேண்டிய தேதி என எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்கலாம்.

இதற்கு மருந்து புதிதல்ல. 1991-ல் அமெரிக்காவின் ஃபில் ஜிம்மர்மேன் 'பி.ஜி.பி.' என்ற மென்பொருளை வெளியிட்டார். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். ஒன்று பொதுச் சாவி. அதைத் திறந்த நிலையில் இருக்கும் ஒரு பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். உங்களுக்கு எழுதுகிறவர் கடிதத்தை அந்தப் பூட்டால் பூட்டி அனுப்புவார். திறக்கும் சாவி உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். அதுதான் ரகசியச் சாவி.

அதே ரகசியச் சாவியால் நீங்கள் அனுப்பும் மெயிலில் 'கையெழுத்தும்' போடலாம். அது உங்களிடமிருந்துதான் வந்ததா, நடுவில் யாராவது மாற்றினார்களா என்பதை உங்கள் பொதுச் சாவி வைத்திருப்பவர் சரிபார்த்துவிடலாம்.

அப்போது அமெரிக்காவில் இதுபோன்ற வலுவான மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவது ஆயுத ஏற்றுமதிக்குச் சமம். ஜிம்மர்மேன் மீது விசாரணை நடந்தது. 1996-ல்தான் அது கைவிடப்பட்டது. இடையில் அந்த மென்பொருளின் நிரல் முழுவதும் புத்தகமாகவே அச்சிடப்பட்டது. புத்தகம் ஏற்றுமதி செய்யத் தடை இல்லையே!

12 பேர், 90 நிமிடம்

இவ்வளவு நல்ல பூட்டை ஏன் எல்லோரும் பயன்படுத்தவில்லை? கஷ்டம், அவ்வளவுதான்.

1999-ல் அல்மா விட்டன், ஜே.டி.டைகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 12 பேரை உட்காரவைத்து, பி.ஜி.பி.யைப் பயன்படுத்தி மெயில் அனுப்பச் சொன்னார்கள். 90 நிமிடம் கொடுத்தும், மூன்றில் ஒரு பங்கினர்தான் சரியாகச் செய்தார்கள். 3 பேர் ரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள்.

மெயில் மென்பொருள்களில் மொசில்லா குடும்பத்தைச் சேர்ந்த 'தண்டர்பேர்டு' இலவசமாகக் கிடைப்பது. அதிலும் இதே கதைதான். முதலில் தண்டர்பேர்டு, பிறகு 'க்னூபி.ஜி.' என்ற தனி மென்பொருள், அதன்பின் இரண்டையும் இணைக்க 'எனிக்மெயில்' என்ற ஆட்-ஆன். இந்த மூன்றையும் ஒழுங்காகப் பொருத்தினால்தான் பூட்டு வேலை செய்யும். ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி 10 மணிக்கு ஆபீஸில் இருக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் இதையெல்லாம் செய்வாரா?

வாசலோடு வந்த பூட்டு

மாற்றம் ஒரு நெருக்கடியிலிருந்துதான் வந்தது. பழைய வகை ஆட்-ஆன்கள் இனி தண்டர்பேர்டில் ஓடாது என்ற நிலை வந்தது. அப்படியானால் எனிக்மெயிலும் நின்றுவிடும். 2019 அக்டோபரில் தண்டர்பேர்டு குழு ஒரு முடிவை அறிவித்தது. மறையாக்க வசதியை மென்பொருளுக்குள்ளேயே கட்டிவிடுவது என்பதுதான் அது. எனிக்மெயிலைப் பல வருடங்கள் பராமரித்துவந்த பேட்ரிக் புருன்ஷ்விக்கும் அந்த வேலையில் கைகோத்தார்.

க்னூபி.ஜி.யை அப்படியே உள்ளே வைக்க உரிமச் சிக்கல் இருந்தது. அதனால் 'ஆர்.என்.பி.' என்ற வேறொரு நிரல் தொகுப்பைச் சேர்த்தார்கள். 2020 ஜூலையில் தண்டர்பேர்டு 78 வந்தது. ஆகஸ்ட் இறுதியில் வந்த 78.2.1 பதிப்பிலிருந்து இந்த வசதி எல்லோருக்கும் தானாகவே கிடைக்க ஆரம்பித்தது. கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

* தண்டர்பேர்டின் அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன்' பகுதிக்குப் போய், புதிய சாவியை உருவாக்குங்கள்.

* ரகசியச் சாவியை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துப் பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால், பூட்டி வந்த பழைய மெயில்களை யாராலும் திறக்க முடியாது.

* தண்டர்பேர்டுக்கு 'பிரைமரி பாஸ்வேர்டு' கட்டாயம் வையுங்கள்.

* பொதுச் சாவியை சப்ளையருக்கு அனுப்புங்கள். அவருடையதை வாங்குங்கள். இரண்டு சாவிக்கும் 'கைரேகை' போல ஒரு நீண்ட எண் வரிசை இருக்கும். அதை ஏற்கெனவே தெரிந்த போன் நம்பரில் பேசி ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிச் செய்தால், மெயில் பாஸ்வேர்டு மட்டும் திருடு போனாலும் பூட்டிய மெயில்களைப் படிக்க முடியாது. ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து வரும் போலி மெயிலில் உங்கள் சப்ளையரின் கையெழுத்தும் இருக்காது.

எல்லாவற்றையும் தீர்க்குமா?

தீர்க்காது. யார் யாருக்கு, எப்போது அனுப்பினார்கள் என்பது மறையாது. கம்ப்யூட்டரிலேயே வைரஸ் புகுந்துவிட்டால் பூட்டால் பயனில்லை. முக்கியமாக, எதிர்முனையில் இருப்பவரும் இதைப் பயன்படுத்த வேண்டும். பிரவுசரில் மெயில் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது தலைவலிதான்.

எனவே, அக்கா செய்த அந்த போன் பழக்கத்தை விடவே கூடாது. கணக்கு மாறுகிறது என்று யார் சொன்னாலும், மெயிலில் உள்ள நம்பருக்கு அல்ல, உங்களிடம் பழைய டைரியில் இருக்கும் நம்பருக்குப் பேசுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

அன்று மாலையே அக்காவின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். சாவி உருவாக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. சப்ளையருக்கு விளக்கி எழுதத்தான் அரை மணி நேரம் ஆனது.

"அவங்க ஒத்துக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பணத்துக்கும் போன் போடுவேன். திட்டினா திட்டிட்டுப் போறாங்க" என்றார்.

வெளியே வந்தபோது கோயில் வீதியில் கூட்டம். முதலை விழுங்கிய பிள்ளையை சுந்தரர் பாடி மீட்ட ஊர் அவிநாசி. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேங்குல போன பணத்துக்கு அப்படிப் பாடறதுக்கு நம்மகிட்ட ஆள் இல்ல கண்ணு. முதல்லயே பூட்டிக்கோணும்."