உலக முடிவுக்குப் போவோமா?

எங்கெங்கோ இருந்து விமானமேறி வந்து பார்த்துச் செல்கிறார்கள். ஆனால் வலப்பனையிலும் இராகலையிலும் கந்தப்பளையிலும் வாழும் நம்மில் எத்தனை பேர் ஹோட்டன் சமவெளியைப் பார்த்திருக்கிறோம்? "பக்கத்தில்தானே இருக்கிறது, பிறகு போகலாம்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் வளர்ந்து விடுகிறார்கள். அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு போய்வர எண்ணியிருக்கும் வாசகர்களுக்காகவே இக்கட்டுரை.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே, புல்வெளியும் அடர்ந்த குளிர்காடும் கலந்து கிடக்கும் பூமி இது. சிங்கள மக்கள் இதனை 'மஹ எளிய' என்று அழைத்தார்கள். 1830களில் இங்கு வந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் அன்றைய தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டினார்கள். 1988இல் இது தேசிய பூங்காவாகியது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இலங்கையின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்களான கிரிகல்பொத்தையும் தொட்டுபொலையும் இதற்குள்ளேதான் நிற்கின்றன.

எப்போது, எப்படி?

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். எந்த மாதமானாலும் காலை 9, 10 மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி வந்துவிடும். அதன்பின் உலக முடிவில் நின்றாலும் வெள்ளைத்திரை ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியாது. பூங்கா காலை 6 மணிக்கே திறக்கப்படுகிறது. ஆனால் வலப்பனையில் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் நேரம் பிந்திவிடும். ஆகவே முதல் நாளே நுவரெலியாவில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிவிடுங்கள். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சுமார் 32 கிலோமீற்றர். மறுபுறம் ஒஹிய வழியாகவும் வரலாம்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. எனவே புறப்படுமுன் பாதை நிலைவரத்தைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

என்ன கொண்டு போவது?

விடியற்காலையில் கை விறைக்கும் குளிர். நடந்து வெயில் ஏறியதும் வியர்வை. அதனால் ஒரே தடித்த உடுப்பைவிட, கழற்றிப் போடக்கூடிய இரண்டு மூன்று உடுப்புகள் நல்லது. வழுக்காத சப்பாத்து அவசியம். செருப்போடு நடக்கத் துணியாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கும் வயோதிபருக்கும் காதை மூடும் தொப்பியும் மழைக்கோட்டும் எடுங்கள். ரொட்டியோ இடியப்பமோ எதுவானாலும் சாப்பாட்டுப் பெட்டியில் கட்டுங்கள். லஞ்ச் சீட்டும் பொலித்தீன் பையும் வேண்டாம். வாசலில் அதிகாரிகள் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எதைப் பார்ப்பது?

நடைப்பாதை சுற்றிவர ஏறத்தாழ 9 கிலோமீற்றர். பெரியவர்களுக்கு 3 மணித்தியாலம், பிள்ளைகளோடு 4 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உலக முடிவுக்குப் போய், திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பாருங்கள். மூடுபனி வந்தாலும் நீர்வீழ்ச்சி உங்களை ஏமாற்றாது.

உலக முடிவில் பூமி திடீரென்று அறுந்து, சுமார் 870 மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே தேயிலைத் தோட்டங்களும் லயன்களும் தீப்பெட்டிகளாகத் தெரியும். வானம் மிகத் தெளிவாயிருந்தால் தென்கடல்கூடக் கண்ணில் படும்.

வழியில் மரைகள் மேயும். சிறுத்தைகளும் உண்டு, ஆனால் அவை எளிதில் முகம் காட்டுவதில்லை. மூக்கில் கொம்புள்ள சிறு ஓணானை மரக்கிளைகளில் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விளையாட்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நெலு என்ற குறிஞ்சி இனம் 2013இலும் 2025இலும் இங்கு பூத்தது.

ஓர் அடி பின்னால்...

தாய்மாரே, தந்தைமாரே! மலை விளிம்பில் பிள்ளையின் கையை விடாதீர்கள். 2015 பெப்ரவரியில் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்து இளைஞர் ஒருவர், மனைவியைப் படமெடுப்பதற்காகப் பின்னால் அடி வைத்தபோது உலக முடிவிலிருந்து தவறி விழுந்தார். கீழே ஒரு மரம் தாங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் இறங்கி மீட்டார்கள். எல்லோருக்கும் மரம் கிடைக்காது. படம் எடுப்பதென்றால் நின்ற இடத்திலிருந்தே எடுங்கள். நீர்வீழ்ச்சியிலும் இறங்கிக் குளிக்கக் கூடாது.

மரைக்குப் பிஸ்கட் நீட்டுவது அன்பல்ல. மனிதரிடம் கையேந்தப் பழகிய விலங்கு காட்டு வாழ்வை மறந்து, பொலித்தீனையும் தின்னத் தொடங்கும். பூப்பறிப்பதும் தீமூட்டுவதும் சட்டப்படியே குற்றம்.

நம் தண்ணீரின் தாய்வீடு

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று சலித்துக் கொள்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் இங்கிருந்து பிறக்கின்றன. பாசி படர்ந்த இந்தக் குள்ள மரங்கள் மழையை மட்டுமல்ல, தவழ்ந்து வரும் மூடுபனியையும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் இறக்குகின்றன. அந்த நீர் ஈர மண்ணில் தங்கி, மெல்ல மெல்லக் கசிந்து வருவதால்தான் கோடையிலும் ஆறு வற்றாமல் ஓடுகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டபோது, 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று ஆலோசனை சொன்னார். அந்த எச்சரிக்கைக்குச் செவிசாய்த்ததால்தான் இந்தக் காடு இன்று மிஞ்சியிருக்கிறது. ஆயினும் இங்கும் பல இடங்களில் மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து மடிகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த முட்செடிகளும் புல்வெளியைப் பிடித்து வருகின்றன.

2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குரன்கெத்த பகுதிகளில் மலை சரிந்து உயிர்களைப் பறித்ததை நாம் மறந்துவிடவில்லை. மலைச்சரிவில் நிற்கும் ஒவ்வொரு மரத்தின் அருமையும் நமக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

பகலுக்குள் நடையை முடித்தால் ளுஹர் தொழுகைக்கு நுவரெலியா நகருக்கு வந்துவிடலாம். திரும்பும்போது ஒரு வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள்: கொண்டுபோன பெட்டி, போத்தல், மிட்டாய்க் கடதாசி எல்லாம் பைக்குள் திரும்பி வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் உங்கள் பயணமும் சரியாக அமைந்தது என்று பொருள்.