குதிரை எங்கே நிற்க வேண்டும்?

சதுரங்கத்தில் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளுக்கு மனப்பாடம் கைகொடுக்கும். கடைசியில் காய்கள் குறைந்தபின் பெரும்பாலும் கணக்குப் போட்டே முடிவைச் சொல்லிவிடலாம். இரண்டுக்கும் இடையே, காய்கள் வெளியே வந்து ராஜா கோட்டை கட்டிக்கொண்டபின் தொடங்குவது நடுஆட்டம். விதிப்படி ஆடக்கூடிய நகர்வுகள் இங்கே முப்பது, நாற்பது இருக்கும். வெட்டவோ செக் வைக்கவோ எதுவும் இல்லாத அமைதியான நிலைகளில்தான் ஆடுபவர் திணறுகிறார். செய்ய ஒன்றுமில்லை போலத் தோன்றும்; ஆனால் எதையாவது நகர்த்தியே ஆக வேண்டும்.

அந்த அமைதி உண்மையானதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ஒரு குதிரை இலவசமாகப் பறிபோகிற நேரத்தில் வியூகம் பேசிப் பயனில்லை. பிறகு கண் சிப்பாய்கள் மீது போக வேண்டும். மற்றக் காய்கள் பின்வாங்கலாம், சிப்பாய் பின்வாங்காது. எனவே நிலையில் சட்டென்று மாறாத அம்சம் அதுதான். துணையின்றித் தனித்த சிப்பாய், எந்தச் சிப்பாயாலும் இனிக் காக்க முடியாத கட்டம், திறந்து கிடக்கும் வரிசை எல்லாம் அதில் தெரியும். யானைக்குத் திறந்த வரிசை வேண்டும். குதிரைக்கு எதிரிச் சிப்பாய் விரட்ட முடியாத கட்டம் வேண்டும். 1886-இல் முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியனான வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ், இப்படிச் சின்னச் சின்ன அனுகூலங்களைச் சேர்த்த பிறகே தாக்க வேண்டும் என்று வாதிட்டவர்.

எந்தக் காயை எடுப்பது? சோவியத் ஆட்டக்காரர் விளாதிமிர் மகோகோனவ் பெயரால் வழங்கும் ஒரு விதி உண்டு: வேறு வழி தெரியாதபோது, இருப்பதிலேயே மோசமான இடத்தில் நிற்கும் காயை நல்ல இடத்துக்குக் கொண்டுபோ. எளிய விதி. ஆனால் பெரும்பாலோர் ‘எதை ஆடலாம்’ என்றுதான் தேடுகிறார்கள். ‘இந்தக் காய் எங்கே நிற்க வேண்டும்’ என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 1953 சூரிக் போட்டியின் ஆட்டம் ஒன்று சாட்சி. வெள்ளையில் அமெரிக்காவின் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி, கறுப்பில் 24 வயது டிக்ரான் பெட்ரோசியான். வெள்ளைச் சிப்பாய்கள் டி4-இலும் இ5-இலும் நிற்க, பின்னால் இரண்டு யானைகள் அணிவகுத்திருந்தன. இ-சிப்பாய் மேலும் நகர்ந்தால் கறுப்பின் பாடு திண்டாட்டம். கறுப்புக் குதிரைக்கு உரிய இடம் டி5; அங்கே அமர்ந்தால் வெள்ளையின் மையம் உறைந்துபோகும். சி6-இல் நின்ற குதிரை அங்கே போக இ7 வழியாகச் செல்ல வேண்டும். இ7-இலோ பெட்ரோசியானின் சொந்த யானை நின்றது.

25-ஆவது நகர்வில் அந்த யானையை அவர் இ6-க்கு நகர்த்தினார். வெள்ளை மந்திரி அதை வெட்டலாம் என்பது தெரிந்தேதான். வழி திறந்தது, குதிரை இ7-க்கு வந்தது, வெள்ளை மந்திரி அந்த யானையை வெட்டியது, கறுப்புச் சிப்பாய் மந்திரியைத் திருப்பி வெட்டி இ6-இல் நின்றது. இ5 சிப்பாய்க்கு இனி முன்னே போக இடமில்லை. டி5-க்கு வந்த குதிரைக்குக் காவலும் கிடைத்தது. வெள்ளைக் கட்டங்களில் ஓடும் மந்திரி வெள்ளையிடம் இல்லாததால் கறுப்பு மந்திரியைத் தட்டிக் கேட்க ஆளில்லை. யானையின் மதிப்பு ஐந்து, மந்திரியின் மதிப்பு மூன்று என்று பார்த்தால் நஷ்டம். ஆனால் ஐந்து நகர்வுகளுக்குள் ரெஷெவ்ஸ்கியே அந்த இலாபத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஆட்டம் டிராவில் முடிந்தது. பெட்ரோசியான் 1963-இல் உலக சாம்பியனானார்.

எதிராளி என்ன செய்ய விரும்புகிறார் என்பதும் நல்ல நகர்வைக் காட்டிக்கொடுக்கும். 1974 நீஸ் ஒலிம்பியாடில், கறுப்பில் ஆடிய மேற்கு ஜெர்மனியின் உன்ட்சிக்கருக்கு எதிராக, யானைகள் நேருக்கு நேர் நின்ற ஏ-வரிசையில் சோவியத் ஆட்டக்காரர் கார்ப்போவ் தன் மந்திரியை ஏ7-இல் கொண்டுபோய் வைத்தார். வரிசை அடைபட்டது, கறுப்பால் யானைகளை மாற்றிக்கொள்ள முடியவில்லை. மறைவில் தன் யானைகளை நிதானமாக அடுக்கிக்கொண்டார். பார்க்க எதையுமே செய்யாத நகர்வு. ஆட்டத்தை வென்று கொடுத்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு.

இப்படி எழும் இரண்டு மூன்று யோசனைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் எதிராளியின் வலுவான பதிலோடு சரிபார்ப்பது அடுத்த வேலை. வல்லவர்கள் இதில் வெகுதூரம் கணக்கிடுகிறார்கள் என்பது பொதுவான எண்ணம். சிறந்த ஆட்டக்காரர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லி ஆராய்ந்த டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1946-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிடப் பெரிதாக ஆழம் போவதில்லை. ஆராய எடுத்துக்கொள்ளும் நகர்வுகளே தரமானவை. அந்தக் கண் பழக்கத்தில் வருவது. பெரியவர்களின் ஆட்டங்களை எடுத்து, அடுத்த நகர்வை மறைத்துக்கொண்டு தானே ஊகித்துப் பார்ப்பது அதற்குப் பழைய, நம்பகமான வழி.

நேரமும் அளவோடுதான் கிடைக்கும். 40 நகர்வுகளுக்கு 2 மணி நேரம் என்றால் சராசரியாக நகர்வுக்கு 3 நிமிடம். ஆனால் தேர்ந்தவர்கள் அதைச் சமமாகப் பங்கிடுவதில்லை. சிப்பாயைத் தள்ளும்போதும், ராணியை மாற்றிக்கொள்ளும்போதும் இருபது நிமிடம்கூட உட்கார்ந்துவிடுவார்கள். அந்த இரண்டையும் பிறகு திரும்பப் பெற முடியாது.